தென்னங்கன்றைக் குடைந்த காண்டாமிருக வண்டு

உச்சிப்புளிப் பக்கம் கடலோர மணலில் ஒரு தென்னங்கன்றைத் தேற்றி எடுப்பதே பெரும்பாடு. அதில் குருத்து விரியும்போதே ஓலை முக்கோண வடிவில் கத்தரித்தது போல இருந்தால் மனசு பதறத்தான் செய்யும். சந்தேகமே வேண்டாம், காண்டாமிருக வண்டுதான். குருத்தின் அடியில் ஓட்டை, அதன் வாயில் மென்று துப்பிய நார்ச்சக்கை. கொக்கிக் கம்பியை உள்ளே விட்டு மெதுவாக இழுத்தேன். தலையில் கொம்போடு கருகருவென்று வெளியே வந்தது.

அதைக் கொன்றால் மட்டும் போதாது. வண்டு கன்றில் தின்கிறது, ஆனால் முட்டையிடுவது எருக்குழியிலும் மக்கிய தென்னந்தூரிலும். எங்கள் குழியைக் கிளறினால், செம்பழுப்புத் தலையோடு கொழுத்த வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. பொறுக்கி அழித்துவிட்டு மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்தேன். எரு ஈரமாக இருந்தால்தான் அது பிடிக்கும். இந்த வெயிலுக்குக் குழியை ஓலையால் மூடி, தண்ணீர் தெளித்து வந்தேன். தப்பிய புழுக்கள் விறைத்துச் செத்து, மேலே பச்சைப் பொடி பூத்தது.

அப்புறம் 2 பங்கு மணலில் 1 பங்கு வேப்பங்கொட்டைத் தூள் கலந்து மேல் மட்டை இடுக்குகளில் போட்டேன். 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பானையில் ஊற்றித் தோப்பில் வைத்தேன். வாடைக்கு வண்டுகள் வந்து விழும். அவ்வப்போது அள்ளிப் போட்டுவிட்டுக் கரைசலை மாற்ற வேண்டும். இப்போது வரும் குருத்தில் வெட்டு இல்லை.