காட்டுத்தீ: ஏற்காட்டில் நாம் சேர்ந்தே செய்கிற தவறுகள்

தை பிறந்து காப்பிப் பழம் பறித்து ஓய்கிற சமயத்தில் எங்கள் வரிசையின் ஏழு வீடுகளிலும் சீமாறு சத்தம் கேட்கும். சில்வர் ஓக் இலை கொட்டித் தீர்க்கிற காலம் அது. கூட்டிச் சாக்கில் அள்ளி, கொல்லை வேலிக்கு அந்தாண்ட சரிவில் கவிழ்த்துவிடுவோம். "நம்ம எடம் சுத்தமாயிடுச்சு, விடு" என்பார் பக்கத்து வீட்டு அண்ணன். நானும் பல வருஷம் அப்படித்தான் விட்டேன். ஒருநாள் ஓடிப்போன கோழியைத் தேடிச் சரிவில் இறங்கியபோது முழங்கால் வரை சருகில் புதைந்தேன். ஏழு வீட்டுச் சருகும் அங்கேதான் கிடந்தது.

எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய தவறு இல்லை. மலையில் தீ பள்ளத்திலிருந்து மேட்டுக்குத்தான் வேகமாக ஏறும். சரிவில் எரிகிற சுவாலை மேட்டுப் பக்கம் சாய்ந்துகொள்வதால், இன்னும் பற்றாத புல்லையும் சருகையும் முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துவிடும். பகலில் வெயில் ஏற ஏறக் காற்றும் மேல்நோக்கி வீசும். சரிவு பத்து பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீ அணைப்பவர்கள் வைத்திருக்கிற கணக்கு. அப்படி ஏறி வருகிற தீக்கு வீட்டு வேலி வரை நாமே மெத்தை விரித்து வைத்திருந்தோம். இப்போது சமதரையில், சுவர்களை விட்டுத் தள்ளி, எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழி. சருகைக் கொட்டிச் சாணிக் கரைசல் தெளித்து, மேலே மண் தூவி வைத்தால் காப்பிக்கு உரம்.

சருகை அப்போதைக்கு அப்போதே கொளுத்திவிடலாமே என்று யாராவது கேட்பார்கள். மாசி, பங்குனியில் மட்டும் வேண்டாம். மத்தியானக் காற்று ஒரு சுழற்று சுழற்றினால் பொறி எந்தத் தோட்டத்தில் போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த தவறு, காம்பவுண்டுச் சுவரோடு நம் பொறுப்பு முடிந்தது என்று நினைப்பது. காட்டை ஒட்டிய வீடுகளுக்கு அமெரிக்காவில் ஒரு கணக்குச் சொல்கிறார்கள்: வீட்டைச் சுற்றி முதல் 5 அடிக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது, 30 அடி வரை செடியும் மரமும் இடைவெளி விட்டு நிற்க வேண்டும், 100 அடி வரை சருகையும் புதரையும் குறைக்க வேண்டும். அங்கே நிலம் அகலம். இங்கே எங்கள் வீட்டுக்கும் டீச்சரம்மா வீட்டுக்கும் நடுவே பதினைந்து அடிகூட இல்லை. என் முப்பது அடியில் பாதி அவர் கொல்லைக்குள் இருக்கிறது, அவருடையது என் விறகுக் குவியல் வரை வருகிறது. இதில் யார் யாரைத் தனியாகக் காப்பாற்றிக்கொள்வது?

தீ சுவர்போல் எழும்பி வரும் என்று நினைத்து, காட்டுப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் வீட்டைப் பிடிப்பது காற்றில் பறந்து வருகிற பொறிதான். ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் சிட்டுக்குருவி கட்டிய கூடு, கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடுகிற தகரத்தில் தங்கிய இலை, தாழ்வாரத்தில் அடுக்கிய விறகு, காலிச் சாக்கு, வாசல் கால்மிதி. ஒரு பொறிக்கு இவற்றில் ஒன்று போதும். விறகை மட்டும் சுவரைவிட்டு முப்பது அடி தள்ளி அடுக்கச் சொன்னதற்கு எங்கள் பெரியம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. மழைக்காலத்தில் திரும்பத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவரலாம் என்று சமாதானம் சொன்னேன்.

சுத்தம் என்றதும் அரிவாளோடு கிளம்பி, சரிவையே மொட்டையடிப்பவர்களும் உண்டு. ஐப்பசி மழையில் மண் முழுக்கக் கீழே போய்விடும். பெரிய மரம் நிற்கட்டும். தாழ்ந்த கிளைகளைக் கழித்தால் போதும், தரைத்தீ உச்சிக்கு ஏற ஏணி கிடைக்காது. உண்ணிச்செடியை மட்டும் விடாதீர்கள். காய்ந்த குச்சியும் எண்ணெய்ப் பசை உள்ள இலையுமாக நன்றாக எரியும், எரிந்த பிறகு முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வெட்டிப் பயனில்லை, வேரோடு எடுக்க வேண்டும்.

வேலிக்கு அப்பால் காப்புக்காடு என்றால் கத்தியை உள்ளே வையுங்கள். நல்லெண்ணத்தோடு தீ தாண்டாதபடி செடி, சருகு நீக்கித் தீத்தடுப்புக் கோடு வெட்டினாலும், வருகிற தீக்கு எரிய எதுவும் மிஞ்சாதபடி முன்கூட்டியே எதிர்த்தீ வைத்தாலும், தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி அது குற்றமாகிவிடலாம். வனச்சரக அலுவலகத்தில் ஏழு வீடும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுங்கள். தனி ஆளாகப் போன என்னிடம் "பாக்கலாம்" என்றார்கள். ஏழு பேராகப் போனபோது நாற்காலி போட்டார்கள்.

புகை தெரிந்தால் 'யாராவது சொல்லியிருப்பாங்க' என்று எல்லாரும் மாடியில் நின்று படம் எடுப்பது இன்னொன்று. 101 அல்லது 112-ஐ அழைத்து, எந்தச் சாலை, எந்த வளைவு, எந்தத் தோட்டத்துக்கு மேல் என்று சொல்லுங்கள். 'மலையில தீ' என்றால் வண்டி எங்கே போகும்? இந்திய வன ஆய்வு நிறுவனத்தில் பதிவு செய்தால் செயற்கைக்கோள் பார்த்த தீயை இலவசக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறார்கள். ஆனால் செயற்கைக்கோள் நாளுக்குச் சில முறைதான் நம் தலைக்கு மேல் கடக்கும். கையளவு தீயை டீச்சரம்மாவின் மாடிதான் முதலில் பார்க்கும்.

இளவட்டங்கள் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு தீக்கு மேலே நின்று அடிக்க ஓடுவதை எந்தக் காரணத்துக்கும் விடாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் சரிவில் தீயிடம் சிக்கி 23 பேர் இறந்தார்கள். தீ கீழே இருக்கிறது, நாம் மேலே இருக்கிறோம் என்றால் அது பாதுகாப்பான இடமே இல்லை. வயதானவர்களையும் மாடுகளையும் எந்த வழியாக யார் கூட்டிப் போவது என்பதைத்தான் அந்த இளவட்டங்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

எங்கள் வரிசையில் கடைசியாகத் தீர்ந்தது பூட்டிய பங்களா விவகாரம். சொந்தக்காரர் பெங்களூரில். வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். கூரை முழுக்கச் சருகு, கொல்லையில் இடுப்பளவு புல். மூன்று மாதம் போனில் பேசியும் "ஆள் அனுப்பறேன்" என்பதற்கு மேல் நகரவில்லை. பிறகு டீச்சரம்மாவே கூரையைப் படம் எடுத்து, பக்கத்தில் எங்கள் வீட்டுச் சுவர் எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பதும் தெரியும்படி அனுப்பினார். அந்த வாரமே கேட் சாவி கூரியரில் வந்தது. இப்போது எங்கள் சமையலறை ஆணியில் தொங்குகிறது, வனச்சரக அலுவலக நம்பர் எழுதிய அட்டையோடு.