நூறு சிசி வண்டியில் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது எப்படி

மைலேஜ் குறைந்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை நாமே அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். டேங்க்கை நிரப்பி, பங்க்கின் குழாய் தானாக நிற்கும் இடத்தில் போதும் என்று சொல்லிவிட்டு, அப்போதைய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 250 கிலோமீட்டராவது வழக்கம்போல ஓட்டிய பிறகு, அதே பங்க்கில், வண்டியை அதே மாதிரி நிறுத்தி, மீண்டும் குழாய் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய தூரம் 252 கிலோமீட்டர், இரண்டாம் முறை பிடித்தது 4.2 லிட்டர் என்றால் மைலேஜ் 60. அரை லிட்டரைப் பாட்டிலில் ஊற்றி ஓட்டிப் பார்க்கும் சோதனையை நான் நம்புவதில்லை. அவ்வளவு குறைந்த தூரத்தில் இரண்டு சிக்னல் கூடுதலாக விழுந்தாலே கணக்கு மாறிவிடும்.

எண் கைக்கு வந்த பிறகு முதலில் கவனிக்க வேண்டியது வலது கையைத்தான். வேகம் கூடும்போது எதிர்க்காற்றின் தடை அந்த வேகத்தின் இருமடியாக, அதாவது வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய கணக்கில், கூடுகிறது. 45-இல் போகும்போது இருக்கும் காற்றுத் தடை 60-இல் ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடும். தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டுப் பக்கம் திறந்த சாலையில் போகிறவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். நூறு சிசி வண்டியில் டாப் கியரில் 40 முதல் 50 வரையிலான வேகத்தில் ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் பிடித்து ஓட்டுவதைப் போலச் சிக்கனமான ஓட்டம் வேறில்லை. அதற்காக வேகம் 25-க்கு இறங்கிய பிறகும் டாப் கியரிலேயே வைத்து முறுக்கக் கூடாது. வண்டி உதறினாலோ, இழுக்கத் திணறினாலோ கியரைக் குறைத்துவிட வேண்டும்.

நகருக்குள் காற்றைவிடப் பெரிய செலவு பிரேக்கில் போகிறது. ஓடும் வண்டியில் சேர்ந்திருக்கும் ஆற்றல் முழுவதும் பெட்ரோலை எரித்துப் பெற்றதுதான். பிரேக் பிடிக்கும்போது அது அத்தனையும் சூடாகி வீணாகிறது. இந்த ஆற்றலும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பவே கூடுவதால், 60-இல் வந்து நிற்பது 40-இல் வந்து நிற்பதைப் போல இரண்டேகால் மடங்கு விரயம். சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்துவிட்ட பிறகும் பக்கத்து ஆட்டோவை முந்தப் பாய்ந்து, கோட்டருகே அழுத்திப் பிரேக் பிடிப்பவரைத் தினமும் பார்க்கிறோம். அதற்கு மாறாக, விளக்கைக் கண்டதுமே ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு கியரிலேயே மெல்ல உருண்டு வந்தால், பல நேரங்களில் கால் ஊன்றுவதற்கு முன்பே பச்சை விழுந்துவிடும். நிற்கவே வேண்டியிருந்து, நொடிகள் ஓடும் பலகை நீண்ட காத்திருப்பைக் காட்டினால் இன்ஜினை அணைத்துவிடலாம். கிளட்ச்சைப் பாதி பிடித்தபடியே ஊர்ந்து போகும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அது பெட்ரோலையும் தின்னும், கிளட்ச் பிளேட்டையும் தின்னும்.

இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்த பிறகு விற்கப்பட்ட வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை, பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்தான். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் மூடினால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுவதால், இத்தகைய வண்டிகளில் பெட்ரோல் பீய்ச்சுவது பொதுவாக நின்றுவிடும். நியூட்ரலில் போட்டாலோ, இன்ஜின் அணையாமல் ஓடுவதற்காகப் பெட்ரோல் தொடர்ந்து எரிய வேண்டும். ஆகவே கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பாதைகளில் கியரில் இறங்குவதே சிக்கனம். இன்ஜினின் பிடிமானம் வேகத்தைத் தாங்குவதால் பிரேக்கும் கொதிக்காது. பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தாலும், உயிரைக் கருதி, இறக்கத்தில் இன்ஜினை அணைத்தோ நியூட்ரலிலோ இறங்காதீர்கள்.

இனி வண்டியைப் பார்ப்போம். இன்ஜினை அணைத்து, நடு ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வைத்து, செயினிலிருந்து விரல்களை விலக்கிக்கொண்டு, பின்சக்கரத்தை டயரைப் பிடித்துச் சுழற்றிவிடுங்கள். தடையில்லாமல் சில சுற்றுகள் சுற்றி மெல்ல நின்றால் நல்லது. ‘சர், சர்’ என்று உரசிக்கொண்டு ஒரு சுற்றிலேயே நின்றால், பிரேக் ஷூ டிரம்மைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒருமுறை பிரேக் ஷூ மாற்றிக்கொண்டு வந்த வாரத்திலேயே என் வண்டி நான்கைந்து கிலோமீட்டர் மைலேஜ் இழந்தது. காரணம் தெரியாமல் திகைத்து, வீட்டு வாசலில் இறங்கியதும் பின் டிரம்மின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். தொடுவதற்கு முன்பே சூடு தெரிந்தது. பிரேக் கம்பியின் நட்டைச் சில திருப்பு தளர்த்திய பிறகு சக்கரம் இலகுவாகச் சுற்றியது. பிரேக் பெடலில் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை வெற்று அசைவு இருக்க வேண்டும். சரிசெய்த பிறகு பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டே சாலைக்குப் போங்கள்.

டயரில் காற்று குறைந்தால் அது தரையோடு அமுங்கி நெளிந்து உருளும். அந்த நெளிவுக்கும் பெட்ரோல்தான் விலை. காற்றழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ. என்பது வண்டியிலோ கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். பின் டயருக்கு ஒருவர் போகும்போது ஓர் அளவும், இருவர் போகும்போது அதைவிடக் கூடிய அளவும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். வாரம் ஒருமுறை, டயர் சூடாவதற்கு முன், காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. மைலேஜ் ஆசையில் குறித்த அளவுக்கு மேல் அடித்தால், மழைச் சாலையில் பிடிமானம் குறைந்து வழுக்கும். செயினும் அப்படித்தான்: பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் ஆட வேண்டும். மண் ஒட்டிய செயினை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, காய்ந்த பிறகு கியர் ஆயிலோ செயின் ஸ்ப்ரேயோ இட்டு, வழிவதைத் துணியால் ஒற்றி எடுங்கள். மழையில் நனைந்தால் மறுநாளே இதைச் செய்ய வேண்டும்.

இன்ஜின் பக்கம் செய்ய வேண்டியவை குறைவு. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஆயில் மூன்றையும் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள். எண்ணெய்ப் பூச்சுள்ள காகித ஃபில்டரை ஊதியோ கழுவியோ மீண்டும் போடக் கூடாது. 10 டபிள்யூ 30 என்ற வகை ஆயிலைக் கேட்கும் வண்டிக்கு, வண்டி சத்தம் போடாது என்று சொல்லிக் கெட்டியான ஆயிலை ஊற்றச் சம்மதிக்காதீர்கள்.

பங்க்குகளில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், மைலேஜ் சற்றுக் குறைவதில் வியப்பில்லை. அந்தக் குறைவுக்கு மெக்கானிக்கிடம் மருந்து கிடையாது. மைலேஜ் கூடும் என்று சொல்லிப் பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் போன்றவற்றுக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு நல்ல காற்றழுத்தமானிக்குக் கொடுக்கலாம்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் செய்துவிட்டால் எது பலன் தந்தது என்று தெரியாது. முதல் டேங்க்கில் டயர் காற்றை மட்டும் சரிசெய்து அளந்து குறியுங்கள். அடுத்ததில் பிரேக்கையும் செயினையும். அதற்கடுத்ததில் வேகத்தை மட்டும் 50-க்குள் வைத்துப் பாருங்கள்.