ராஜாஜி சாலையில் ஒரு சிவப்புக் கட்டடம்

ஊருக்கு வந்தால் கோயில், தி.நகர், சொந்தக்காரர் வீடு என்று நாள் ஓடிவிடும். சென்னையில் இறங்குபவர்கள் ஒரு காலை நேரத்தை மட்டும் ராஜாஜி சாலைக்கு ஒதுக்குங்கள். அங்கே ஸ்டேட் பாங்க் இயங்கும் செங்கல் கட்டடத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

விமான நிலையத்தில் மெட்ரோ நீல வழித்தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் மண்ணடி வரை வரலாம். புறநகர் ரயிலில் வந்தால் பீச் ஸ்டேஷன். இரண்டிலிருந்தும் நடக்கிற தூரம்தான்.

கட்டடம் கிழக்கே துறைமுகத்தைப் பார்த்து நிற்கிறது. அதனால் காலை வெயிலில்தான் அந்தச் சிவப்பு முழுசாகத் தெரியும். எதிர்ப்பக்கம் நின்று, வளைவுகளையும் மேலே உள்ள குவிமாடங்களையும் நிதானமாகப் பாருங்கள். வடிவமைத்தவர்கள் ஜெய்ப்பூரில் பேர்பெற்ற சாமுவேல் ஸ்விண்டன் ஜேக்கபும், சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தில் பங்குள்ள ஹென்றி இர்வினும். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். 1897-இல் வேலை முடிந்தது. உயர் நீதிமன்றத்தைக் கட்டியவரும் செட்டியார்தான். வடிவமைத்த வெள்ளைக்காரர் பெயரை எல்லோரும் சொல்கிறோம்; செங்கல் வைத்த நம்மூர்க்காரர் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கணிதமேதை ராமானுஜன் கடைசி நாட்களில் தங்கியிருந்தது இவருடைய சேத்துப்பட்டு வீட்டில்தான். அதே ராமானுஜன் 1912-இல் குமாஸ்தாவாகச் சேர்ந்த துறைமுகமோ சாலைக்கு அந்தப் பக்கம்!

வங்கியின் கதை இன்னும் பழையது. 1843-இல் பாங்க் ஆஃப் மெட்ராஸ் தொடங்கியது. 1864-இலேயே கொழும்பில் கிளை திறந்தது. கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு இந்த வாசல் அந்நியமில்லை. 1921-இல் வங்காளம், பம்பாய் மாகாண வங்கிகளோடு இணைந்து இம்பீரியல் பாங்க் ஆனது. 1955 ஜூலை 1 முதல் ஸ்டேட் பாங்க். தாத்தாவின் பெட்டியில் பழைய இம்பீரியல் பாங்க் பாஸ்புக் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், அதன் வாரிசு ஸ்டேட் பாங்க்தான். பத்து வருடம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ஆனாலும் வாரிசுகள் உரிய சான்றுகளோடு அதே வங்கியில் கேட்கலாம்.

2014 ஜூலையில் இங்கே தீப்பிடித்துப் பெரிய சேதம் ஏற்பட்டது. நூறு வருடம் தாண்டிய மரவேலை தீயில் போனால் அதே கைவேலை திரும்ப வராது என்பதுதான் என் வருத்தம்.

உள்ளே போக விரும்பினால் வேலை நாளில் வாருங்கள். ஞாயிறும், இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும் விடுமுறை. வங்கி என்பதால் உள்ளே கேமராவை எடுக்கும் முன் மேலாளரிடம் அனுமதி கேளுங்கள். வெளியிலிருந்து படம் மட்டும் போதும் என்றால் ஞாயிறு காலைதான் வசதி, சாலையில் வண்டிகள் குறைவு. ஏப்ரல், மே என்றால் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், வெயில் தாங்காது.

அப்புறம், சாயங்காலம் அந்தப் பக்கம் இருந்தால் பர்மா பஜார் அருகே அத்தோ சாப்பிடுங்கள். பர்மாவிலிருந்து திரும்பிய நம்மவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது.