போலந்துக் காகித வெட்டிலிருந்து திரைச்சீலை டிசைன்: இங்க்ஸ்கேப்பில் செய்யும் முறை

'போலந்து டிசைன்' என்று தேடினால் சேவல், ரோஜா, ஏழெட்டு நிறம் எல்லாம் ஒரே சதுரத்தில் குவிந்த படங்களாக வரும். அப்படியே துணியில் அச்சடித்தால் வரவேற்பறை நினைவுப்பொருள் கடை மாதிரி ஆகிவிடும். அதனால் நான் அங்கிருந்து எடுப்பது வெட்டும் முறையை மட்டும். 2010 ஷாங்காய் உலகக் கண்காட்சியில் போலந்து அரங்கமும் அப்படித்தான் நின்றது: ப்ளைவுட் சுவர் முழுக்கக் காகித வெட்டுப் பூக்களின் துளைகள், அவற்றின் வழியே வெளிச்சம்.

இந்தக் காகித வெட்டுக்கு அங்கே விச்சினான்கி என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கிராமங்களில் பரவியது. சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒட்டுவார்கள். ஈஸ்டருக்கு முன் வீட்டை வெள்ளையடிக்கும்போது பழசைக் கிழித்துவிட்டுப் புதிது. வெட்டியது ஆட்டு ரோமம் கத்தரிக்கும் பெரிய கத்தரிக்கோலால்!

1. ஊரைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே ஒரு ஊர். வோவிச் பக்கம் பல நிறத் தாள்களை அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். வடகிழக்கே குர்ப்யே பகுதியில் ஒரே தாள், ஒரே நிறம், நடுவில் ஒரு மடிப்பு. காஷூபியாவில் எம்பிராய்டரி, அதற்கு மூன்று நீலம் உட்பட ஏழு நிறம். மூன்றையும் கலக்கிற டிசைன் எனக்குப் பிடிக்காது. எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் போய்விடும். முதல் முயற்சிக்கு குர்ப்யேதான் சரி. அவர்களுடைய 'லெலூயா' என்கிற செடி வடிவத்தை எடுத்துக்கொள்வோம்: நேர்த் தண்டு, இரு பக்கமும் ஒத்த கிளைகள், அடியிலோ உச்சியிலோ பறவைகள்.

இப்போது வாழும் கலைஞர்களின் வெட்டை இணையத்திலிருந்து எடுத்து டிரேஸ் செய்யாதீர்கள். அவர்களுக்கு இது பிழைப்பு. விதியை எடுத்துக்கொண்டு செடியை நீங்களே வரையுங்கள். குர்ப்யே பைனும் ஜூனிப்பரும் வளர்கிற காட்டுப் பகுதி. லீசெ கிராமத்தில் குருத்தோலை ஞாயிறுக்குச் செய்கிற மிக உயரமான 'குருத்தோலை'களிலும் ஜூனிப்பர் உண்டு. ஆகவே வழக்கமான இலைக்குப் பதில் ஜூனிப்பரின் ஊசிக் கொத்தும் உருண்டைக் காயும் வைத்தால் இயற்கையும் வந்துவிடும், நகலும் ஆகாது.

2. நிஜமாகவே காகிதத்தை வெட்டுங்கள்

திரையில் நேரடியாக வரைந்தால் கோடு வழுவழுவென்று உயிரில்லாமல் வரும். ஏ4 கறுப்புத் தாளை நீளவாக்கில் ஒரே ஒரு முறை மடியுங்கள். மடிப்பு ஓரம்தான் தண்டு. பாதிச் செடியை வரைந்து வெட்டுங்கள். ஒவ்வொரு கிளையும் மடிப்போடு எங்காவது ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் கையோடு கழன்று வரும். கட்டர் கத்தி வேண்டாம், ஒல்லி நுனி உள்ள சின்னக் கத்தரி போதும். கத்தரியை அசைக்காமல் தாளைத் திருப்புங்கள். வளைவு தானாக வரும்.

3. ஸ்கேன், டிரேஸ்

வெள்ளைத் தாள் மேல் வைத்து 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்கிற இலவச வரைகலை மென்பொருளில் 'டிரேஸ் பிட்மேப்' கொடுங்கள், படம் கோட்டு வடிவமாக மாறிவிடும். அவ்வளவுதான்.

4. ரிப்பீட்: நிதானமாகச் செய்ய வேண்டிய இடம்

ரிப்பீட் என்பது துணி முழுக்கத் திரும்பத் திரும்ப அச்சாகும் ஒரு கட்டம், அதாவது டைல். செடிகளை வரிசையாக அடுக்கினால் துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். பக்கத்து வரிசையைப் பாதி உயரம் இறக்கினால் அது மறையும். இதுதான் ஹாஃப் டிராப்.

பக்க அளவை மில்லிமீட்டரில் வைக்காதீர்கள், பிக்சலில் வையுங்கள்: அகலம் 2400, உயரம் 2100. செடி சுமார் 1050 அகலம், 1650 உயரம். முதல் செடியின் மையம் 600, 1050 என்ற புள்ளியில். இரண்டாவதன் மையம் 1800, 0. அதாவது பாதி பக்கத்துக்கு வெளியே நிற்கும். அதை டூப்ளிகேட் செய்து, 'டிரான்ஸ்ஃபார்ம்' பெட்டியில் செங்குத்தாகச் சரியாக 2100 நகர்த்துங்கள். மவுஸால் இழுக்க வேண்டாம். ஒரு பிக்சல் தவறினாலும் செடி இடுப்பில் ஒடிந்த மாதிரி தெரியும்.

இத்தனையும் சரியாகச் செய்தபிறகும் துணியில் மெல்லிய வெள்ளைக் கோடு விழலாம். பலர் இந்த இடத்தில் பிரிண்டரைத் திட்டுவார்கள். காரணம் ஃபைலில் இருக்கிறது. பக்க அளவு முழு பிக்சலாக இல்லாவிட்டாலோ, பின்னணிச் செவ்வகம் பக்கத்தோடு அச்சாக ஒட்டி நிற்காவிட்டாலோ ஓரப் பிக்சல்கள் பாதி ஒளிபுகும்படி ஏற்றுமதி ஆகும். திரையில் கண்ணுக்குத் தெரியாது. டைல் அடுத்தடுத்து வரும்போது கோடாகிவிடும். பின்னணியை நான்கு பக்கமும் 20 பிக்சல் வெளியே நீட்டிவிடுங்கள். எக்ஸ்போர்ட்டில் 'பேஜ்' தேர்ந்து 96 டிபிஐ கொடுத்தால் 2400, 2100 அப்படியே வரும். பிறகு ஜிம்ப் என்கிற படத் திருத்த மென்பொருளில் 'பிரிண்ட் சைஸ்' போய் 150 ஆக்குங்கள்: துணியில் 16 அங்குல அகலம், 14 அங்குல உயரம்.

சோதிக்க கிரிதா என்கிற ஓவிய மென்பொருளில் ஃபைலைத் திறந்து டபிள்யூ விசையை அழுத்துங்கள். நான்கு பக்கமும் திரும்பத் திரும்ப விரியும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எங்காவது வெற்றிடம் ஆறு மாதிரி ஓடினால் ஒரு கிளையை நீட்டி அடையுங்கள்.

5. நிறம்

இரண்டு போதும். கரும்பச்சை (24, 58, 46), பழுப்பேறிய வெள்ளை (244, 238, 224). முழுத் துணி ஆர்டர் செய்யும் முன் ஒரு சின்னத் துண்டு அச்சடித்துப் பாருங்கள். துணியில் பச்சை நான் திரையில் பார்த்ததைவிட எப்போதும் இருட்டாகத்தான் வருகிறது.

பின்சேர்க்கை

லினனில் மெல்லிய காம்புகள் காணாமல் போகின்றன என்று சிலர் கமென்ட்டில் எழுதியிருந்தீர்கள். 150 டிபிஐயில் 2 மி.மீ. என்பது 12 பிக்சல். அதைவிட ஒல்லியாக எதையும் விடாதீர்கள். 'பாத்' மெனுவில் 'அவுட்செட்' கொடுத்தால் மொத்த வடிவமும் சற்றுப் பருக்கும்.

மேசை விரிப்புக்குப் போட்டால் எதிரே உட்காருகிறவருக்குச் செடி தலைகீழ் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். உண்மைதான், லெலூயாவுக்குத் தலையும் காலும் உண்டு. விரிப்புக்கும் படுக்கைக்கும் குர்ப்யேயின் வட்ட நட்சத்திரத்தை எடுங்கள்: சதுரத் தாளை மையத்தை நோக்கி மூன்று முறை மடித்தால் 8 பங்கு, நான்கு முறை மடித்தால் 16. நான்குக்கு மேல் போனால் கத்தரி ஏறாது.

திரைச்சீலைக்குத் துணி வாங்கும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ரிப்பீட், அதாவது 14 அங்குலம், கூடுதலாகக் கேளுங்கள். இரண்டு பாகங்களின் செடிகளை ஒரே மட்டத்தில் சேர்க்க அது வேண்டியிருக்கும்.