நோட்.ஜேஎஸ் செயலியின் மாட்யூல்களை முறையாகத் தொடங்குவதும் நிறுத்துவதும்

எங்கள் முன்பதிவுச் செயலியின் புதிய பதிப்பை ஏற்றும்போதெல்லாம் பழைய கன்டெய்னர் (செயலி இயங்கும் தனித்த சூழல்) நிற்பதற்குச் சரியாகப் பத்து நொடிகள் ஆயின. ஒன்பதும் இல்லை, பன்னிரண்டும் இல்லை, எப்போதும் பத்துதான். அந்தப் பத்தாவது நொடியில் நடுவழியில் இருந்த சில முன்பதிவுகள், பணம் பெறப்பட்டு இருக்கை ஒதுக்கப்படாத நிலையில் தரவுத்தளத்தில் அப்படியே நின்றுபோயின. அதைச் சரிசெய்யச் சில நாட்கள் ஆயின. அப்போது செய்தவற்றை, முதன்முறையாக இதைச் செய்பவருக்குப் பயன்படும் வரிசையில் இங்கே எழுதுகிறேன். பிராமிஸ், அவெயிட், இம்போர்ட் ஆகியவை உங்களுக்குப் பழக்கம் என்று கொள்கிறேன்.

படி 1: இம்போர்ட் செய்யும்போது எதுவும் நடக்கக் கூடாது

கோப்பின் முதல் வரிகளிலேயே தரவுத்தள இணைப்பைத் திறந்து, அந்த இணைப்பையே எக்ஸ்போர்ட் செய்யும் வழக்கம் பரவலாக உள்ளது. ஒரு மாட்யூல் முதன்முறை இம்போர்ட் ஆகும்போது ஒருமுறை மட்டுமே இயங்கும் என்பதால் இது வேலை செய்வதுபோலத் தோன்றும். ஆனால், அந்தக் கோப்பிலுள்ள ஒரு சிறு சார்பகத்தை (ஃபங்ஷன்) மட்டும் சோதிக்க நினைத்தாலும் இணைப்பு திறந்துகொள்ளும். அதை மூடுவதற்குரிய இடம் எங்கும் இருக்காது. சோதனை முடிந்த பிறகும் புராசஸ் முடியாமல் தொங்கும். இஎஸ் 2022-இல் தரநிலையான மேல்மட்ட அவெயிட் இந்த வழக்கத்தை இன்னும் எளிதாக்கிவிட்டது. அதை நான் தொடக்கப் பணிகளுக்குப் பயன்படுத்துவதில்லை.

இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்தால் சிக்கல் கூடும். பழைய காமன்ஜேஎஸ் முறையில் பாதி நிரம்பிய பொருள் சத்தமின்றிக் கைக்கு வரும். இஎஸ் மாட்யூல் முறையில், இன்னும் மதிப்பு தரப்படாத பெயரைத் தொட்டதாகப் பிழை எழும். எனவே ஒவ்வொரு கோப்பும் ஒரே ஒரு உருவாக்கும் சார்பகத்தை எக்ஸ்போர்ட் செய்யட்டும். அது தனக்குத் தேவையானவற்றை அளபுருக்களாகப் பெற்று, தொடங்கு, நிறுத்து என்னும் இரண்டு செயல்கள் கொண்ட பொருளைத் திருப்பித் தரட்டும். ஜாவாஸ்கிரிப்ட் தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால் இவற்றை இந்தப் பெயர்களிலேயே எழுதலாம்.

படி 2: எது எதை நம்பியுள்ளது என்று எழுதுதல்

எங்கள் செயலியில் இருந்தவை ஆறு. அமைப்புகள் எதையும் நம்பவில்லை. நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் லாகர் அமைப்புகளை நம்பியது. தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ், நினைவகத் தரவுக் கிடங்கான ரெடிஸ் இரண்டும் முந்தைய இரண்டையும் நம்பின. பின்னணிப் பணியாளும் எச்டிடிபி சர்வரும் இவை அனைத்தையும் நம்பின. இதைத் தாளில் அம்புக்குறிகளாக வரைந்து பாருங்கள். அம்புகள் எங்காவது வட்டமடித்தால், அந்த இரண்டு மாட்யூல்களுக்கும் பொதுவான பகுதியைப் பிரித்து மூன்றாவது மாட்யூலாக்க வேண்டும்.

இந்த வரிசையைத் தானாகக் கண்டுபிடிக்க டோப்பலாஜிக்கல் வரிசைப்படுத்தல் (நம்பப்படுவது முதலில் வரும்படி அடுக்கும் முறை) உள்ளது. ஆயினும், மாட்யூல்கள் பத்துக்குள் இருந்தால் வரிசையை ஒரே முதன்மைக் கோப்பில் கையால் எழுதுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. புதிதாகச் சேரும் நிரலாளர் அந்த ஒரு கோப்பைப் படித்தே செயலியின் எலும்புக்கூட்டைப் புரிந்துகொள்வார். எண்ணிக்கை பெருகினால், மாட்யூல்களுக்குத் தேவையானவற்றை இணைத்துத் தரும் அவிலிக்ஸ் நூலகத்தைப் பரிந்துரைக்கிறேன். ஃபாஸ்டிஃபை என்னும் வெப் ஃப்ரேம்வொர்க்கைப் பயன்படுத்துவோருக்கு அதனுள்ளேயே பிளகின்களை வரிசையாக ஏற்றும் ஏற்பாடும், மூடும்போது அழைக்கப்படும் ஹூக்கும் உள்ளன. அவர்கள் வேறொன்றைத் தேட வேண்டாம்.

படி 3: தொடக்கம்

வரிசைப்படி ஒவ்வொன்றின் தொடங்கு செயலையும் அவெயிட் செய்து அழையுங்கள். வெற்றி பெற்றதை மட்டும் "தொடங்கியவை" என்னும் பட்டியலில் சேருங்கள். ஏதேனும் ஒன்று தோற்றால், அந்தப் பட்டியலைக் கடைசியிலிருந்து முதல்வரை நிறுத்திவிட்டு, வெளியேறும் குறியீட்டை 1 என வையுங்கள். சர்வர் கடைசியாகவே தொடங்க வேண்டும். தரவுத்தளம் தயாராகும் முன் வாசலைத் திறந்தால் முதல் கோரிக்கைகள் பிழையுடன் திரும்பும்.

நேரத்தை மிச்சப்படுத்த போஸ்ட்கிரெஸையும் ரெடிஸையும் பிராமிஸ்.ஆல் கொண்டு ஒன்றாகத் தொடங்குவோர் கவனிக்க: ரெடிஸ் தோற்றவுடன் அது பிழையைத் தந்துவிடும், ஆனால் போஸ்ட்கிரெஸ் இணைப்பு முயற்சி பின்னால் தொடர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் எல்லாவற்றையும் மூடி முடித்த பிறகு அது திறந்துகொண்டு நிற்கும். அங்கே பிராமிஸ்.ஆல்செட்டில்டு பயன்படுத்தி, இரண்டின் முடிவும் தெரிந்த பின்பே அடுத்த அடி வையுங்கள்.

படி 4: நிறுத்தம்

நிறுத்தும் வரிசை தொடக்க வரிசையின் நேர் எதிர். சர்வர் முதலில் புதியவற்றை ஏற்பதை நிறுத்தி, கையிலுள்ள கோரிக்கைகளை முடிக்க வேண்டும். பணியாள் புதிய வேலை எடுக்காமல் நடப்பு வேலையை முடிக்க வேண்டும். அதன் பிறகே ரெடிஸ், போஸ்ட்கிரெஸ், இறுதியில் லாகர். சிக்டெர்ம் (நிற்கச் சொல்வது), சிக்இன்ட் (கன்ட்ரோல்-சி அனுப்புவது) ஆகிய இரண்டு சிக்னல்களுக்கும் இதே செயலை இணையுங்கள். கன்ட்ரோல்-சி இருமுறை அழுத்தப்பட்டாலும் அது ஒருமுறையே ஓட ஒரு கொடி வையுங்கள்.

சர்வரின் குளோஸ் செயல் பிராமிஸைத் தருவதில்லை. கால்பேக்கைப் பிராமிஸாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். நோட் 19-க்கு முந்தைய பதிப்புகளில், வேலையின்றித் திறந்திருக்கும் கீப்-அலைவ் (அடுத்த கோரிக்கைக்காகத் திறந்தே வைக்கப்படும்) இணைப்புகளையும் அது மூடாமல் காத்திருக்கும். நோட் 18.2 முதல் உள்ள, வெற்று இணைப்புகளை மூடும் செயலையும் அங்கே சேர்த்து அழையுங்கள். போஸ்ட்கிரெஸ் பூலை (இணைப்புகளின் தொகுப்பை) மூடும்போது அது முடிவின்றி நின்றால், எங்கோ ஓர் இணைப்பு எடுக்கப்பட்டுத் திருப்பித் தரப்படவில்லை என்று பொருள். எங்களிடம் அது ஒரு கேட்ச் பகுதியின் அவசர ரிட்டர்னுக்குள் ஒளிந்திருந்தது.

இவை அனைத்துக்கும் மேல் ஒரு கால வரம்பு தேவை. கன்டெய்னர்களை இயக்கும் டாக்கர், சிக்டெர்ம் அனுப்பி இயல்பாக 10 நொடிகள் காத்திருந்து, பின் மறுக்க முடியாத சிக்கில் சிக்னலை அனுப்பிக் கொன்றுவிடும். ஆகவே எங்கள் வரம்பு 8 நொடிகள். அந்த வரம்பை அளக்கும் டைமரே புராசஸைப் பிடித்து வைக்காதபடி அதன் அன்ரெஃப் செயலை அழையுங்கள். வழக்கமான முடிவில் புராசஸ்.எக்ஸிட்டை நான் அழைப்பதில்லை, ஏனெனில் அது நிலுவையிலுள்ள அசின்க் வேலைகளைக் கைவிட்டுவிடும். வெளியேறும் குறியீட்டை மட்டும் வைத்துவிட்டுத் தானாக முடியவிடுகிறேன். முடியாவிட்டால் ஏதோ இன்னும் திறந்திருக்கிறது. அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதை, இயக்கத்திலுள்ள வளங்களைப் பட்டியலிடும் புராசஸ் பொருளின் செயல் காட்டும்.

படி 5: சிக்னல் உண்மையில் வந்து சேர்கிறதா

மேற்கண்ட அனைத்தையும் எழுதி முடித்த பின்பும் எங்கள் கன்டெய்னர் பத்து நொடிகளே எடுத்தது. வெளியேறும் குறியீடு 137. அது 128-உடன் சிக்கிலின் எண்ணான 9 சேர்ந்தது. அதாவது ஒவ்வொரு முறையும் புராசஸ் கொல்லப்பட்டது. சிக்னல் செயலின் முதல் வரியில் ஒரு லாக் வைத்தேன். அந்த வரி ஒருமுறைகூட அச்சாகவில்லை.

கன்டெய்னரின் தொடக்க ஷெல் ஸ்கிரிப்ட்டில் முதல் வரி தரவுத்தள மைகிரேஷனை (அட்டவணை அமைப்பைப் புதுப்பிக்கும் நிரலை) ஓட்டியது, இரண்டாம் வரி நோடை அழைத்தது. ஆகவே கன்டெய்னரின் முதல் புராசஸ் ஷெல். நோட் அதன் பிள்ளை. டாக்கர் சிக்னலை முதல் புராசஸுக்கு மட்டுமே அனுப்புகிறது. ஷெல்லோ அதைப் பிள்ளைக்குக் கடத்துவதில்லை. முதல் புராசஸ் தானே கையாள ஏற்பாடு செய்யாத சிக்டெர்மை லினக்ஸ் கர்னல் அதன்மேல் செயல்படுத்துவதும் இல்லை. நோடை அழைக்கும் வரியின் முன்னால் எக்ஸெக் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தேன்; ஷெல்லின் இடத்தில் நோடே அமர்ந்தது.

சோதிக்க, மூன்று நொடிகள் தூங்கிப் பதில் தரும் ஒரு முகவரியை உருவாக்கி, அதை அழைத்தவுடன் வேறொரு டெர்மினலில் கன்டெய்னரை நிறுத்துங்கள். எங்களுக்குக் கிடைத்த லாக்:

0.0 நொடி: சிக்டெர்ம் வந்தது, நிலுவைக் கோரிக்கை 1
2.1 நொடி: சர்வர் நின்றது
2.1 நொடி: பணியாள் நின்றது
2.2 நொடி: ரெடிஸ் மூடப்பட்டது
2.3 நொடி: போஸ்ட்கிரெஸ் மூடப்பட்டது

அழைத்தவருக்குப் பதில் முழுமையாகச் சென்றிருக்க வேண்டும். குறியீடு 0 ஆக இருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை: இதையெல்லாம் செய்தும், பல கணினிகளில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் பதிப்பு மாறும்போது சில கோரிக்கைகள் மறுக்கப்படுவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அங்கே பாட் எனப்படும் கன்டெய்னர் தொகுதிக்குச் சிக்டெர்ம் அனுப்புவதும், அதைச் சேவையின் பட்டியலிலிருந்து நீக்குவதும் ஒரே நேரத்தில் தனித்தனியே நடக்கின்றன. நீக்கம் அங்குள்ள எல்லாக் கணினிகளையும் சென்றடையும் முன் சர்வர் கதவை மூடிவிட்டால் வருபவை திருப்பி அனுப்பப்படும். சிக்னல் வந்த பின் ஐந்து நொடிகள் வழக்கம்போல் கோரிக்கைகளை ஏற்றுவிட்டு, அதன் பிறகு சர்வரை மூடச் சொன்னேன். அங்கே இயல்பான காத்திருப்பு 30 நொடிகள் என்பதால் அந்த ஐந்துக்கும் 8 நொடி வரம்புக்கும் சேர்த்தே போதுமான இடம் இருக்கிறது.