மேக்னம் ரிவால்வருக்கு மெல்லிய தோட்டா: கையைப் பழக்கும் முறை

.357 மேக்னம் ரிவால்வர் கைக்கு வந்ததும் அதன் முழு வலுவையும் சுட்டுப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. துப்பாக்கி சுடும் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் நான் முதலில் கேட்டுக்கொள்வது, மேக்னம் தோட்டாப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, வலுக் குறைந்த மெல்லிய தோட்டாவான .38 ஸ்பெஷல் பெட்டியைத் திறங்கள் என்பதுதான். முதல் சில சுடுகளிலேயே கை பயந்துவிட்டால், அந்தப் பயத்தைக் கழற்றுவது சுடக் கற்பதைவிடக் கடினம். சுட்டதும் துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளும் உதையை மூளை எதிர்பார்க்கும்; விசை விடுபடும் கணத்துக்குச் சற்று முன்பே மணிக்கட்டு கீழே அழுத்தும்; குண்டு இலக்குக்குக் கீழே போகும். வலு நிறைந்த தோட்டாவோடு இதைத் திருத்த முயன்றால் பழக்கம் இன்னும் ஆழமாக வேர்விடும்.

.38 ஸ்பெஷல் தோட்டாவை .357 ரிவால்வரில் போட முடிவதற்குக் காரணம், பின்னது முன்னதிலிருந்து பிறந்தது என்பதே. .38 ஸ்பெஷல் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. அதன் கேஸை, அதாவது வெடிமருந்தை உள்ளே வைத்துக் குண்டை வாயில் பிடித்திருக்கும் உலோகக் கூட்டைச் சற்று நீட்டி 1935-இல் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் .357 மேக்னத்தைக் கொண்டுவந்தது. பெயரில் எண் வேறானாலும் குண்டின் விட்டம் ஒன்றுதான். கேஸின் நீளம் மட்டும் 29.3 மில்லிமீட்டரிலிருந்து 32.8-க்குப் போனது. மேக்னம் தோட்டா பழைய .38 ரிவால்வருக்குள் நுழையக் கூடாது என்பதற்காகவே அந்த நீளம். அமெரிக்கத் தர அமைப்பின் கணக்கில் .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .357 மேக்னத்தின் உச்ச அழுத்தம் 35,000. ஆகவே சின்னதைப் பெரியதில் போடலாம், பெரியதைச் சின்னதில் போடவே கூடாது. .44 மேக்னத்தில் .44 ஸ்பெஷல், .454 காசுல்லில் .45 கோல்ட், .327 ஃபெடரலில் .32 எச்&ஆர் மேக்னம் என்று இதே உறவு மற்ற அளவுகளிலும் உண்டு. ஆனால் பெயரில் 38 இருக்கிறதென்று எதையும் போட்டுவிடாதீர்கள். .38 எஸ்&டபிள்யூ என்பது கேஸ் தடிமனான வேறு தோட்டா. பேரலில் பொறித்திருப்பதையும் கேஸின் அடியில் பொறித்திருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சிலிண்டருக்குள், அதாவது தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளைக்குள் போடுங்கள்.

பயிற்சிக்கு நான் கொடுப்பது 148 கிரெயின் வாட்கட்டர் (கிரெயின் என்பது குண்டின் எடையைச் சொல்லும் சிறு அளவு). மூக்கில்லாமல், கேஸின் வாயோடு மட்டமாக உட்கார்ந்திருக்கும் ஈயக் குண்டு. தாளில் வட்டமாகத் துளைபோட்டதுபோல் வெட்டும். பட்ட இடம் தெளிவாகத் தெரியும். விநாடிக்கு ஏறத்தாழ 700 அடி வேகத்தில் போகும். 158 கிரெயின் மேக்னம் குண்டோ 1,200 அடியைத் தாண்டும். இரண்டின் உந்தத்தையும் கணக்குப் போட்டால் வாட்கட்டர் மேக்னத்தில் பாதியளவு வரும். கையில் விழும் உதையின் ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது நாலில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒரு கிலோவைத் தாண்டும் எஃகு ரிவால்வரில் அது மெல்லத் தள்ளியதுபோலத்தான் இருக்கும்.

வாட்கட்டருக்கு இன்னொரு நன்மை. .38 ஸ்பெஷல் கரிமருந்துக் காலத்தில் வடிவமைக்கப்பட்டது. அதன் கேஸ் அந்தக் காலத்து மருந்துக்கேற்ற பெரிய கேஸ். இன்றைய புகையில்லா மருந்து அதில் ஒரு சிறு பகுதியைத்தான் நிரப்பும். துப்பாக்கியின் முனை கீழே சாய்ந்தால் மருந்து குண்டுப் பக்கம் ஓடும்; முனை மேலே நிமிர்ந்தால், கேஸின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் பக்கம் வந்து சேரும். இதனால் வேகம் சுடுக்குச் சுடு மாறலாம். வாட்கட்டர் கேஸுக்குள் ஆழமாக இறங்கி அந்தக் காலியிடத்தை அடைத்துக்கொள்வதால் இந்த ஆட்டம் குறைகிறது.

ஈயக் குண்டைத்தான் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்வதற்குப் பாதுகாப்பும் காரணம். செம்புறை போட்ட குண்டு பேரலில் அதிகமாக உரசும். அழுத்தம் குறைந்த தோட்டாவில் அது பாதி வழியில் நின்றுவிடும் அபாயம் கூடுதல். சொந்தமாகத் தோட்டா கட்டுகிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். மேக்னம் தோட்டாவை மெல்லியதாக்க, உள்ளே இருக்கும் மருந்தையே கொஞ்சம் குறைத்தால் போதும் என்று நினைப்பது தவறு. மெதுவாக எரியும் எச்-110 மருந்தின் அளவை 3 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று அதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே எச்சரிக்கிறது. வேகமாக எரியும் மருந்தில் வேறொரு ஆபத்து. அளவு சிறியது, கேஸ் பெரியது. ஒரே கேஸில் தவறுதலாக இரண்டு முறை மருந்து விழுந்தாலும் வழியாது, கண்ணுக்கும் எளிதில் தெரியாது. புதிதாகப் பழகுகிறவர் ஆலையில் கட்டிய .38 ஸ்பெஷலையே வாங்கட்டும். அதிலும் ‘ப்ளஸ்-பி’ குறி போட்டது கூடுதல் அழுத்தத்துக்கானது. இந்தப் பயிற்சிக்குத் தேவையில்லை.

சுடும் தளத்துக்குப் போகும் முன் வீட்டில் வெறும் விசைப் பயிற்சி. தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளையும் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். ப்ரைமரை இடிக்கும் ஊசியைச் சுத்தியலிலேயே பொருத்திய பழைய ரிவால்வராக இருந்தால் கட்டாயமாகவும், மற்றவற்றில் நல்ல பழக்கமாகவும், போலித் தோட்டாக்களைப் போட்டுக்கொள்ளுங்கள். குண்டு துளைக்காத சுவரைப் பார்த்து நில்லுங்கள். பிடி, பின்புறத்தில் எவ்வளவு உயரமாகப் போகுமோ அவ்வளவு உயரமாக இருக்கட்டும். இடது கைக் கட்டைவிரல் சிலிண்டரின் முன்பக்கம் போகக் கூடாது; பேரலுக்கும் சிலிண்டருக்கும் இடையில் உள்ள இடைவெளியிலிருந்து தீயும் ஈயத் துகளும் பீறிட்டு வரும். சுத்தியலைக் கையால் இழுத்து வைக்காமல், விசையை ஒரே சீராக, நடுவில் நிறுத்தாமல் இழுங்கள். சுத்தியல் விழும்போது, குறிபார்க்க பேரலின் முனையில் இருக்கும் முன்சைட் அசையாமல் நிற்க வேண்டும். முன்சைட்டை மட்டுமே பாருங்கள். மங்கலாகத் தெரியும் இலக்கைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தளத்தில், கண்ணாடியும் காதுக்கவசமும் இல்லாமல் பெட்டியையே திறக்காதீர்கள். மெல்லிய தோட்டாதானே என்ற நினைப்பு காதைக் கெடுக்கும்; .38 ஸ்பெஷல் ஓசையும் 140 டெசிபலைத் தாண்டுவதுதான். தொடக்கத்தில் ஏழு மீட்டர் தூரம் போதும். ஒவ்வொன்றாகச் சுடுங்கள், அவசரம் வேண்டாம்.

கை கொஞ்சம் அமைந்ததும் நான் எல்லோருக்கும் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. ரிவால்வருக்கென்றே அமைந்தது அது. ஆறு அறைகளில் நான்கில் தோட்டா, இரண்டில் காலிக் கேஸ். எது எங்கே இருக்கிறது என்று சுடுகிறவருக்குத் தெரியக் கூடாது. பக்கத்தில் நிற்பவர் போட்டு, சிலிண்டரைச் சுழற்றி மூடிக் கொடுக்க வேண்டும். சுடுங்கள். ஒரு இழுப்பில் ஓசை வராது. அந்த நொடியில் முன்சைட் என்ன செய்தது என்று பாருங்கள். உண்மையான தோட்டாவில் உதை அந்த அசைவை மறைத்துவிடும். காலிக் கேஸில் மறைக்க ஒன்றுமில்லை. முனை மூக்கைக் குத்திக்கொண்டு கீழே போயிருந்தால் கை இன்னும் பயப்படுகிறது. முன்சைட் இருந்த இடத்திலேயே இருந்தால், அந்த இழுப்பு எப்படி இருந்ததோ அதையே மறுபடி செய்யுங்கள். பயிற்சிக்கு வருகிறவர்களின் முகத்தில் தெளிவு பிறப்பதை இந்தப் பயிற்சியில்தான் அதிகம் பார்க்கிறேன். ‘நான் சரியாகத்தான் இழுக்கிறேன்’ என்று வாதாடியவர்கூட, ஓசையில்லாத அந்த ஒரு இழுப்பில் தானே புரிந்துகொள்கிறார். நான் எதுவும் சொல்ல வேண்டியிருப்பதில்லை.

ஓசை வராத இழுப்பு என்றதும் ஒரு எச்சரிக்கை. உண்மையான தோட்டா என்று உறுதியாகத் தெரிந்தும், அல்லது எது என்று சந்தேகமாக இருந்தும், ஓசை வரவில்லையென்றால் முனையை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடமாவது காத்திருங்கள். மருந்து தாமதமாகப் பற்றலாம். ‘புஸ்’ என்று சின்ன ஓசை வந்து, உதை தெரியாமல், தாளில் புதிய துளையும் இல்லையென்றால் அதைவிட மோசம்: குண்டு பேரலுக்குள் சிக்கியிருக்கலாம். அடுத்த முறை விசையைத் தொடவே கூடாது. சிக்கிய குண்டின் மேல் இன்னொரு குண்டு போய் இடித்தால் பேரல் வீங்கும் அல்லது வெடிக்கும். சிலிண்டரைத் திறந்து எல்லாத் தோட்டாவையும் எடுத்துவிட்டு, முனைப் பக்கத்திலிருந்து மரக்குச்சி ஒன்றை விட்டுப் பாருங்கள். குச்சி சிலிண்டர்ப் பக்கம் வரை தடையில்லாமல் போனால் பேரல் காலி. சிலிண்டர் திறக்கவே மறுத்தால் குண்டு பாதி பேரலிலும் பாதி சிலிண்டரிலும் நிற்கிறது என்று பொருள். தளத்தின் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள், வலுக்கட்டாயமாகத் திறக்காதீர்கள்.

காலிக் கேஸ்களை வெளியேற்றும்போது முனை வானத்தைப் பார்க்கட்டும். தள்ளுதண்டை உள்ளங்கையால் ஒரே அடியாக அடியுங்கள். மெல்லிய தோட்டாவில் மருந்து முழுதும் எரிவதில்லை. முனையைக் கீழே வைத்து மெல்லத் தள்ளினால், எரியாத மருந்துத் துகள் கேஸ்களை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டரின் அடியில் போய் உட்காரும். அப்புறம் சிலிண்டர் மூடாது, மூடினாலும் இறுக்கமாகச் சுழலும். ரிவால்வர் பழுதாகிவிட்டது என்று கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்; பழைய பல் துலக்கியால் ஒரு தேய்ப்பில் சரியாகிவிடுவது பெரும்பாலும் அதுவே. கேஸின் பக்கங்கள் கரிபடிந்து வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அழுத்தம் குறைவாக இருப்பதால் கேஸ் விரிந்து அறைச் சுவரோடு ஒட்டாமல், புகை பின்னால் கசிகிறது.

.38 சுட்டுவிட்டு மேக்னத்துக்கு மாறும் முன் சுத்தம் செய்வதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு அறையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். .38 கேஸின் வாய் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால், கறுப்பும் ஈயச் சாம்பலும் கலந்த ஒரு வளையம் தெரியும். அந்த மூன்றரை மில்லிமீட்டர் நீளத்தில்தான் மேக்னம் கேஸின் வாய் வந்து உட்கார வேண்டும். வளையம் தடித்திருந்தால் கேஸ் முழுதாக உள்ளே போகாது. அழுத்தித் தள்ளிப் போட்டால் குண்டைப் பிடித்திருக்கும் கேஸ் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும், சுட்ட கேஸ் வெளியேற மறுக்கும். கரைப்பானில் நனைத்த வெண்கலத் தூரிகையைப் பின்பக்கத்திலிருந்து விட்டுத் திருகுங்கள். கொஞ்ச நேரம் ஊறவிட்டு மறுபடி தேயுங்கள். பிடிவாதமான ஈயத்துக்கு, தூரிகையில் தூய செம்பு இழையைச் சுற்றிக்கொள்ளலாம். அது காந்தத்தில் ஒட்டினால் செம்புப் பூச்சுப் போட்ட இரும்பு, தூக்கிப் போடுங்கள். வேலை முடிந்ததும் கையைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவாத கையோடு எதையும் சாப்பிடாதீர்கள். ப்ரைமரிலும் குண்டிலும் ஈயம் உண்டு.

பிறகு சுத்தமான அறையில் ஒரு மேக்னம் தோட்டாவை விரலால் தள்ளாமல் விட்டுப் பாருங்கள். தன் எடையில் விளிம்பு வரை இறங்கினால் அறை தயார். காலிக் கேஸ் பயிற்சியில் முன்சைட் அசையாத நிலைக்கு வந்த பிறகு, ஆறு அறைகளில் ஐந்தில் வாட்கட்டரும் ஒன்றில் மேக்னமும் போட்டு, எது எங்கே என்று தெரியாமல் சுடுங்கள். மேக்னம் குண்டு வேறு உயரத்தில் படும். அதற்காகக் குறியை மாற்றாமல், கை மாறியதா என்று மட்டும் கவனியுங்கள். மாறவில்லையென்றால் அடுத்த சுற்றில் இரண்டு மேக்னம்.