பிங் சரி, ஃபைல் மட்டும் ஊர்கிறது

அலுவலக லினக்ஸ் சர்வரிலிருந்து பெரிய ஃபைலை இழுத்தால் ஊர்ந்து ஊர்ந்துதான் வரும். பிங் (சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) போட்டாலோ ஒரு மில்லிசெகண்டுக்குள் பதில். ஸ்விட்சிலும் விளக்கு பச்சை. அதனாலேயே பல நாள் வீணாகிவிட்டது.

கேபிளை மாற்றினேன், டிரைவரைப் புதுப்பித்தேன், நெட்வொர்க் கார்டையே மாற்றினேன். பலனில்லை.

அப்புறம் நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டும் 'ஈத்டூல்' கட்டளை காட்டிக்கொடுத்தது: வேகம் 100 எம்பிபிஎஸ், ஆனால் ஹாஃப் டூப்ளெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் அனுப்பவோ பெறவோ மட்டும்தான் முடியும். ஸ்விட்ச் போர்ட்டில் யாரோ எப்போதோ 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும்) என்று பூட்டி வைத்திருந்தார்கள். ஒரு முனையை இப்படிப் பூட்டினால், ஆட்டோ நெகோஷியேஷனில் (இரு முனையும் பேசித் தாமே வேகத்தையும் டூப்ளெக்ஸையும் முடிவுசெய்வது) இருக்கும் மறுமுனை சிக்னலை வைத்து வேகத்தைக் கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் ஹாஃபுக்கு இறங்கிவிடும். பிங் பாக்கெட் சின்னது, ஒவ்வொன்றாகப் போய் வருவது. அதனால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பும்போது வரும் மோதல் வெளியே தெரியாது.

பலர் தவறவிடுவது பிழைகளை எண்ணிக் காட்டும் கவுன்டர்களைத்தான். ஹாஃப் பக்கம் லேட் கொலிஷன் (தாமதமாக நேரும் மோதல்) ஏறும், ஃபுல் பக்கம் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த தரவு) ஏறும். சிஆர்சியை மட்டும் பார்த்தால் கேபிள் கெட்டது போலவே தோன்றும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

போர்ட்டை ஆட்டோவுக்கு மாற்றியதும் இரு முனையும் 1000 ஃபுல்லில் இணைந்தன. அப்பாடா! காப்பர் கேபிளில் கிகாபிட்டுக்கு ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம். அதனால் 'பூட்டாதீர்கள்' என்று அந்தப் போர்ட்டின் விவரக் குறிப்பிலேயே எழுதிவிட்டேன்.